பொத்த ஆளில்லாத வலை: நுரையீரல் புற்றுநோய் ரிப்போட்டில் எழுதியிருப்பது என்ன?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உப்புவெளியில் மாமி வீட்டு விறாந்தை. கொழும்பிலிருந்து வந்த ரிப்போட் ஒன்றை மச்சான் சொப்பிங் பையிலிருந்து எடுத்துத் தந்தான். ஏழு பக்கம், முழுவதும் இங்கிலிஷ். மாமிக்கு நுரையீரலில் புற்றுநோய் என்பது அதற்கு முன்பே தெரியும்; ஸ்கேன், பயொப்சி எல்லாம் முடிந்து, அந்தப் பயொப்சித் துண்டில் செய்த மூலக்கூற்றுப் பரிசோதனையின் முடிவுதான் இது. "நீ பயோ படிப்பிக்கிறனிதானே, இதில ஈ.ஜி.எஃப்.ஆர். பொசிட்டிவ் எண்டு கிடக்கு, பக்கத்தில எக்சோன் பத்தொன்பது டிலீசன் எண்டு வேற கிடக்கு. பொசிட்டிவ் எண்டா நல்லதோ கூடாததோ?" என்று கேட்டான். குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் மட்டும் வந்தது: "நான் ஒரு பீடித்துண்டைக்கூடத் தொட்டதில்லை ராசா, எனக்கேன் இது?"

இரண்டுமே நல்ல கேள்விகள். கலத்துக்குள் இருக்கிற எழுத்துகள் எப்படிக் குழம்புகின்றன, அவற்றைத் திருத்துகிற ஆட்கள் எப்போது வேலையை விட்டுவிடுகிறார்கள் என்று விளங்கினால் இரண்டுக்கும் பதில் வந்துவிடும். அன்றைக்கு நான் வாயால் சொன்னதில் பாதி அவர்களுக்கு விளங்கவில்லை, பாதி எனக்கே ஒழுங்காக வரவில்லை, அதனால் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

முதலில் சொற்கள். இலங்கைப் பாடப்புத்தகத்தில் கலம் என்பதைத் தமிழ்நாட்டில் செல் என்பார்கள். நிறமூர்த்தம் என்பது குரோமோசோம், பரம்பரை அலகு என்பது மரபணு, விகாரம் என்பது பிறழ்வு. நான் பழகிய சொற்களிலேயே எழுதுகிறேன், கடல் தாண்டி வாசிப்பவர்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

உடம்பின் கிட்டத்தட்ட எல்லாக் கலங்களுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நூல் சுருண்டு கிடக்கிறது. அப்பாவிடமிருந்து 23, அம்மாவிடமிருந்து 23, ஆக 46 நிறமூர்த்தங்கள். அதில் எழுதியிருப்பது அடினீன், தைமீன், குவானீன், சைற்றோசீன் என்ற நான்கே எழுத்துகளில்தான், ஆனால் ஒரு கலத்துக்குள் மட்டும் ஏறக்குறைய 600 கோடி எழுத்துகள். கலம் இரண்டாகப் பிரிய முன்னர் இவ்வளவையும் பிரதி எடுத்து முடிக்கவேண்டும், அதுவும் எட்டு மணித்தியாலம் அளவில். எங்கள் கச்சேரியில் ஒரு பத்திரம் பிரதி எடுக்க எவ்வளவு நேரம் போகும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் வேகம் விளங்கும்.

பிழை வராமல் இருக்குமா? வரும். பிரதி எடுக்கும் நொதியம் தன்பாட்டில் விட்டால் ஒரு லட்சம் எழுத்துக்கு ஒரு பிழை அளவில் விடும். ஆனால் எழுதும்போதே பின்னால் திரும்பிப் பார்த்துப் பிழையை வெட்டிப் போடும் பழக்கமும் அதற்கு உண்டு, அதனால் பிழை ஒரு கோடிக்கு ஒன்று என்று குறைந்துவிடும். அதற்குப் பிறகு வேறொரு புரதக் கூட்டம் புதிய பிரதியைத் தடவிக்கொண்டே போய், பொருந்தாத எழுத்தைக் கண்டால் பிடுங்கி மாற்றும். எல்லாம் முடிய 100 கோடிக்கு ஒன்று, அதற்கும் குறைவு. ஆக 600 கோடி எழுத்தில் ஒரு சில பிழைகள்தான் மிஞ்சும், அவையும் பெரும்பாலும் ஒன்றுக்கும் உதவாத இடத்தில் விழுந்து கிடக்கும்.

பிரதி எடுக்காத நேரத்திலும் டி.என்.ஏ. சும்மா இருப்பதில்லை. வெயில், ஒக்சிசன், உடம்புச் சூடு என்று ஒவ்வொரு நாளும் ஒரு கலத்தில் பல்லாயிரம் இடங்களில் சின்னச் சின்னச் சேதம் நடக்கிறது. கரைவலை இழுத்து முடிந்த பிறகு மத்தியானத்தில் வாடிக்குள் காலை நீட்டி இருந்து வலை பொத்துகிற ஆட்களைப் பார்த்திருப்பீர்கள். வலை கிழிவது அங்கே ஒரு புதினமே இல்லை. முருகைக்கல்லில் கொழுவும், பாரத்தில் அறும், நண்டு வெட்டும். பொத்துகிறவன் இருக்கிற மட்டும் அது வலைதான். கலத்துக்குள்ளும் இப்படி ஊசியும் நூலுமாக ஒரு கூட்டம் இருக்கிறது, அதுவும் ஒரே ஆள் அல்ல, கிழிசலுக்கு ஏற்றமாதிரி ஆள் மாறும். தனி எழுத்துப் பழுதானால் ஒரு குழு, எழுத்தோடு ஏதாவது அழுக்கு ஒட்டினால் வேறு குழு, நூல் இரண்டாக அறுந்தால் இன்னொரு குழு. இந்தப் பொத்துகிற வேலை எப்படி நடக்கிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் 2015இல் தோமஸ் லிண்டால், போல் மொட்ரிச், அசிஸ் சஞ்சார் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இனிப் பரம்பரை நிலையின்மை என்ற பெரிய சொல்லை விளங்கிக்கொள்வது சுகம். வலையில் ஓட்டை இருப்பதை அப்படிச் சொல்வதில்லை. பொத்துகிற ஆட்கள் இல்லாமல் போய், ஒவ்வொரு இழுவைக்கும் வலை கூடக்கூடக் கிழிந்துகொண்டு போகிற நிலைதான் நிலையின்மை. விகாரம் என்பது ஒரு தடவை நடந்த பிழை. நிலையின்மை என்பது பிழை வருகிற வேகமே கூடிவிட்ட கதை. புற்றுநோய்க்கட்டி ஒன்றை உருவாக்க ஒரு விகாரம் போதாது, பல வேண்டும், அவையெல்லாம் ஒரே கலத்தில் வந்து சேரவேண்டும். பொத்துகிற வேலை ஒழுங்காக நடக்கிற கலத்தில் அது நடக்க ஒரு ஆயுள் காணாது. நடக்காத கலத்தில் காணும்.

சரி, புகைக்கு வருவோம். சிகரட் புகைக்குள் 7000க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் உண்டு, அவற்றில் எழுபதளவு புற்றுநோயை உண்டாக்குபவை. ஒன்றை மட்டும் எடுத்துப் பார்க்கலாம், அதன் பெயர் பென்சோபைரீன். எதையாவது அரைகுறையாக எரித்தால் வருகிற கரிச்சாமான் இது, வாகனப் புகையிலும் கருகிய இறைச்சியிலும் இருக்கிறது. இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது என்னவென்றால், உள்ளே போகும்போது இது அவ்வளவு கெடுதலானதல்ல. எண்ணெய்ப்பிடிப்பான பொருள், தண்ணீரில் கரையாது, அதனால் உடம்பு இதை எப்படியாவது தண்ணீரில் கரையவைத்துச் சிறுநீரோடு வெளியே அனுப்பப் பார்க்கிறது. அதற்காக நொதியங்கள் அதன்மேல் ஒக்சிசனை ஒட்டுகின்றன. அந்த வேலை பாதியில் நிற்கும்போது உருவாகிற பொருள்தான் எமன்: குவானீன் எழுத்தைக் கண்டால் பசைபோலப் போய் ஒட்டிக்கொள்ளும். வீட்டைக் கூட்டப்போய்த் தும்புத்தடியாலேயே விளக்கைத் தட்டிவிட்ட கதை.

முன்பு சொன்ன, எழுத்தில் ஒட்டும் அழுக்கைப் பார்க்கிற குழு (சஞ்சார் ஆராய்ந்தது இதைத்தான்) வந்து, அந்தத் துண்டையே வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக எழுதிவிடும். ஆனால் நாளுக்கு ஒரு பக்கற் என்று இழுக்கிறவரின் நுரையீரலில் ஒட்டுகிற வேகத்துக்கு வெட்டுகிற வேகம் காணாது. பொத்தாத இடத்தில் பிரதி எடுக்கும் நொதியம் வந்து, இது என்ன எழுத்து என்று தெரியாமல் தடுமாறி, தவறான சோடியை வைத்துவிடும். அடுத்த பிரிவில் குவானீன் இருந்த இடத்தில் தைமீன் நிரந்தரமாகக் குந்திவிடும். அதன்பிறகு அது பிழை என்று யாருக்கும் தெரியாது, பொத்துகிறவனுக்கும் தெரியாது, ஏனென்றால் இரண்டு இழையும் பொருந்துகின்றனவே. இந்தக் குவானீன் தைமீனாகும் மாற்றம் புகைப்பவர்களின் கட்டியில் அவ்வளவு கூடுதலாக இருப்பதால், அதைப் புகையின் கைரேகை மாதிரி எடுத்துக்கொள்கிறார்கள். 1996இல் இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தார்கள்: பென்சோபைரீனிலிருந்து வரும் அந்தப் பொருள் பி53 என்ற பரம்பரை அலகில் (கலத்துக்குக் காவல் நிற்பது, அதன் கதை பிறகு வரும்) 157, 248, 273 ஆகிய இடங்களில் விசேடமாக ஒட்டுகிறது, நுரையீரல் கட்டிகளில் பி53 அடிக்கடி பழுதாகியிருப்பதும் அதே இடங்களில்தான். புகைக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தம் இருப்பதைக் கணக்கெடுப்புகள் 1950களிலேயே காட்டிவிட்டன. இது சம்பவ இடத்திலேயே ஆளைப் பிடித்த மாதிரி.

2016இல் வந்த ஒரு ஆய்வு கணக்கும் சொன்னது. நாளுக்கு ஒரு பக்கற் வீதம் ஒரு வருடம் புகைத்தால், நுரையீரலின் ஒவ்வொரு கலத்திலும் சராசரியாக 150 விகாரங்கள் சேர்கின்றன. ஒவ்வொரு கலத்திலும். மச்சான் ஆறு சிகரட்தான் ஒரு நாளைக்கு என்பான், கடையில் ஒற்றை ஒற்றையாக வாங்குவதால் அது கணக்கில் சேராது என்ற நினைப்பு. போனில் அவனே கணக்குப் போட்டுப் பார்த்தான். நாற்பத்தைந்து வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

எல்லா விகாரமும் ஆபத்தில்லை என்று சொன்னேன். அப்படியென்றால் எது ஆபத்து? அதற்கு மாமி வீட்டு ரிப்போட்டுக்கே வரலாம்.

காலையில் மீன்காரர் மோட்டார் சைக்கிளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹோன் அடித்தபடி ஒழுங்கைக்குள் வருவார். ஹோன் சத்தம் முற்றத்தில் நிற்கிற யாருக்காவது கேட்கும். வீட்டுச் சின்னப் பொடியன் குசினிக்கு ஓடி, "அம்மா, மீன்" என்பான். சட்டியோடு ஆள் வெளியே வரும். மீன்காரர் போய்விட்டால் எல்லாம் அடங்கிவிடும். கலம் பிரிவதும் இப்படித்தான். வெளியிலிருந்து ஒரு வளர்ச்சிச் செய்தி வரும், கலத்தின் தோலில் நிற்கிற ஒரு புரதம் அதைக் கேட்கும், உள்ளே ஒரு தூதன் ஓடுவான், கடைசியில் டி.என்.ஏ. இருக்கிற கலக்கருவுக்குள் "பிரி" என்ற கட்டளை போகும். ஈ.ஜி.எஃப்.ஆர். என்பது அந்தக் காது. கே-ராஸ் என்பது ஓடுகிற பொடியன்.

ஈ.ஜி.எஃப்.ஆர். பரம்பரை அலகு 28 துண்டுகளாக எழுதப்பட்டிருக்கிறது, அந்தத் துண்டுகள்தான் எக்சோன்கள். பத்தொன்பதாவது துண்டில் ஒரு சின்னப் பகுதி காணாமல் போவதுதான் எக்சோன் 19 டிலீசன். மிகச் சாதாரணமாகக் காண்பது 15 எழுத்துகள் (புரதம் ஒரு மாலையென்றால் அமினோ அமிலம் அதன் மணி, மூன்று எழுத்துக்கு ஒரு மணி), அதாவது புரதத்தில் 746 முதல் 750 வரையான ஐந்து அமினோ அமிலங்கள் விடுபடுவது. 600 கோடியில் 15 எழுத்து. ஆனால் அந்த ஐந்தும் இல்லாவிட்டால் காது வளைந்து, ஹோன் அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அடிக்கிறது என்றே உள்ளே சொல்லிக்கொண்டிருக்கும். இருபத்தோராம் எக்சோனில் 858ஆம் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினாலும் இதே கதைதான். ஈ.ஜி.எஃப்.ஆர். விகாரங்களில் பத்துக்கு எட்டு ஒன்பது இந்த இரண்டில் ஒன்றாகவே இருக்கும்.

கே-ராஸ் பொடியனுக்கு வேறு வியாதி. நல்ல பொடியன் செய்தியைச் சொல்லிவிட்டுத் தானாகவே அடங்கிவிடுவான், அப்படி அடங்குவதற்கான ஒரு பொறி அவனுக்குள்ளேயே இருக்கிறது. 12ஆம் இடத்தில் கிளைசீன் என்ற அமினோ அமிலம் இருக்கவேண்டிய இடத்தில் வேறொன்று வந்தால் அந்தப் பொறி இறுகிப்போய், அவன் நிற்காமல் ஓடுவான். புகைப்பவர்களின் கட்டிகளில் இது கூடுதலாக வரும். இந்த இரண்டும், அதாவது காதுப் பழுதும் பொடியன் பழுதும், பொதுவாக ஒரே கட்டியில் சேர்ந்து வருவதில்லை. ஒன்று இருந்தாலே வேலை நடந்துவிடும், மற்றது தேவையில்லை. பொடியன் பழுதானவருக்குக் காதை அடைக்கும் மருந்து கொடுத்துப் பிரயோசனம் இல்லை என்பதும் இதனால்தான் விளங்குகிறது. அப்படியே ஓடுகிற பொடியனைப் பிடித்து நிறுத்துகிற மருந்து நீண்ட காலம் கிடைக்கவில்லை, கே-ராஸ் புரதத்தில் மருந்து போய்ப் பிடிக்க ஒரு பள்ளமே இல்லை என்று கைவிட்டிருந்தார்கள். 12ஆம் இடத்தில் சிஸ்டீன் வந்த வகைக்கு மட்டும் பிடிமானம் கண்டுபிடித்து, சோட்டோரசிப் என்ற குளிசை 2021இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

காதோ பொடியனோ மட்டும் பழுதானால் கலம் புற்றுநோயாகிவிடாது. ஏனென்றால் சம்மாட்டி ஒருவர் இருக்கிறார். கரைவலைச் சம்மாட்டி காலையில் வலையைப் பார்த்து, கிழிசல் இருந்தால் பொத்தி முடியாமல் தோணியை இறக்கவேண்டாம் என்பார். பொத்தமுடியாத அளவுக்குக் கிழிந்திருந்தால் வெட்டி எறி என்பார். பி53 புரதம் செய்வது சரியாக இதைத்தான். டி.என்.ஏ. பழுதென்று சேதி வந்தால் கலப்பிரிவை மறிக்கும், பொத்துகிறவர்களைக் கூப்பிடும், சரிவராவிட்டால் கலத்தைத் தற்கொலை செய்யவைக்கும். தோணியைக் கரையில் கட்டிவைக்கிற கயிறு மாதிரி இன்னொன்று உண்டு, ஆர்.பி. என்று பெயர். கண்ணில் வருகிற ஒரு சிறுபிள்ளைப் புற்றுநோயிலிருந்து அந்தப் பெயர் வந்தது. அல்ஃபிரட் நட்சன் 1971இல் அந்த நோயைப் பார்த்துத்தான், இப்படியான காவல் அலகுகள் அப்பாவின் பிரதி, அம்மாவின் பிரதி இரண்டும் போனால்தான் கைவிடும் என்று சொன்னார். பி53இல் ஒரு சிக்கல் கூட உண்டு, கெட்டுப்போன பிரதி நல்ல பிரதியையும் சேர்த்து இழுத்து விழுத்தும்.

நுரையீரல் புற்றுநோயில் சிறுகல வகை என்று ஒன்று இருக்கிறது, பெரும்பாலும் கடுமையாகப் புகைப்பவர்களுக்கு வரும், வேகமாகப் பரவும். அதில் கிட்டத்தட்ட எல்லாக் கட்டிகளிலும் பி53, ஆர்.பி. இரண்டுமே போயிருக்கும். சம்மாட்டியும் இல்லை, கயிறும் இல்லை. மாமிக்கு வந்தது சிறுகலமல்லாத வகையில் அடினோகாசினோமா என்பது. அதில் பாதியளவில்தான் பி53 பழுதாகும்.

ஒரு சின்ன விலகல். கந்தளாய்ப் பக்கம் இரவில் வீதியைக் கடக்கிற யானைகளுக்கு எங்களைவிட எத்தனையோ மடங்கு கலங்கள், ஆனால் புற்றுநோய் குறைவு. 2015இல் பார்த்தபோது யானையிடம் பி53 அலகின் பிரதிகள் இருபது சோடியளவில் இருந்தன. எங்களுக்கு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று, அவ்வளவுதான்.

பி53 போனபிறகு நடப்பதைத்தான் நான் மச்சானுக்கு விளங்கப்படுத்த மிகவும் பாடுபட்டேன். இதுவரை சொன்னது எழுத்துப் பிழைகள். இப்போது புத்தகமே கிழிகிறது. கலம் பிரியும்போது 46 நிறமூர்த்தங்களும் இரட்டித்து, நடுவில் வரிசையாக நின்று, இரண்டு பக்கத்திலிருந்தும் கயிறு இழுத்துச் சமமாகப் பிரிக்கப்படவேண்டும். கரைவலையில் இரண்டு கரையிலும் ஆட்கள் ஒரே தாளத்தில் இழுக்காவிட்டால் மடி ஒரு பக்கம் சாய்ந்துவிடும் இல்லையா, அதுபோல ஒரு கலத்துக்கு 44, மற்றதுக்கு 48 என்று போய்விடும். நல்ல கலமென்றால் சம்மாட்டி அங்கேயே முடித்துவிடுவார். அவர் இல்லாத இடத்தில் அதுவும் பிழைத்து மறுபடி பிரியும், இன்னும் கோணலாக. சிலவேளை பிரதி எடுத்துவிட்டுப் பிரியாமலே நின்று, முழுத் தொகுதியும் இரட்டிப்பாகிவிடும். அறுந்த நிறமூர்த்தத் துண்டுகள் தவறான முனையில் ஒட்டும், சில தொலையும், சில பத்து இருபது பிரதிகளாகப் பெருகும். மூன்றாம் நிறமூர்த்தத்தின் குட்டைக் கைப்பகுதி தொலைவது நுரையீரலில் மிக முந்தியே நடக்கிற ஒன்று. புகைப்பவர்களின் மூச்சுக்குழாயில், நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒரு குறையும் தெரியாத கலங்களிலேயே அந்தத் துண்டு போயிருப்பதைக் கண்டிருக்கிறார்கள்.

மச்சான் தந்த ரிப்போட்டில் ஏ.எல்.கே. நெகட்டிவ் என்றும் ஒரு வரி இருந்தது. அது இந்தத் தவறான ஒட்டலில் பிறந்த ஒன்று. 2007இல் ஜப்பானில் ஹிரோயுகி மானோவின் குழு கண்டுபிடித்தது: இரண்டாம் நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு அறுந்து, தலைகீழாகத் திரும்பி, அதே நிறமூர்த்தத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. அப்படி ஒட்டும்போது, பெரியவர்களின் நுரையீரலில் நித்திரையாகக் கிடக்கிற ஏ.எல்.கே. என்ற அலகு, எப்போதும் விழித்திருக்கிற இன்னொரு அலகின் வாலில் இணைந்துவிடுகிறது. திருவிழா நேரம் கோயில் லவுட்ஸ்பீக்கர் வயரைத் தவறுதலாக உங்கள் வீட்டு ரேடியோவில் கொழுவிவிட்டமாதிரி, நிறுத்த உங்களிடம் சுவிட்ச் கிடையாது. சிறுகலமல்லாத நுரையீரல் புற்றுநோய்களில் நூற்றுக்கு நாலைந்தில்தான் இது வரும், ஆனாலும் தேடுகிறார்கள், ஏனென்றால் இதற்கும் குளிசை உண்டு. கண்டுபிடித்து நாலே வருடத்தில், 2011இல், முதல் மருந்து வந்துவிட்டது.

எழுத்து மாறாமலும் அலகுகள் ஊமையாகலாம். நல்ல அலகின் வாசலில் சின்ன இரசாயன முடிச்சுகள் ஒட்டி, அதை வாசிக்க விடாமல் செய்துவிடும். பி16 என்ற காவல் அலகு நுரையீரலில் அடிக்கடி இப்படித்தான் அடங்கிப்போகிறது. இதற்குள் இப்போது ஆழமாகப் போகத் தேவையில்லை.

மாமியின் கேள்விக்கு வருகிறேன். புகையே பிடிக்காதவருக்கு ஏன்?

ஈ.ஜி.எஃப்.ஆர். விகாரம் உள்ள கட்டிகள் கூடுதலாக வருவது புகைக்காதவர்களிடம், அதிலும் பெண்களிடம், அதிலும் ஆசியாவில். மேற்கு நாடுகளில் அடினோகாசினோமாவில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து என்றால் கிழக்காசியாவில் பாதியளவுக்குப் போகும். 2023இல் லண்டனில் சாள்ஸ் சுவான்டனின் குழு ஒரு விடயத்தைக் காட்டியது, அது என் தலையில் இருந்த படத்தையே மாற்றிவிட்டது. புற்றுநோய் இல்லாத நல்ல நுரையீரல் துண்டுகளை எடுத்துத் தேடினால், நூற்றுக்கு 18இல் ஈ.ஜி.எஃப்.ஆர். விகாரமும் 53இல் கே-ராஸ் விகாரமும் இருக்கின்றன. வயது போகப்போகச் சாதாரணப் பிரதிப் பிழையாலேயே வந்து, ஒரு கலம் இரு கலமாகச் சும்மா கிடப்பவை. தலைமயிர் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குகூட வராத நுண்தூசி நுரையீரலுக்குள் போகும்போது, அதை விழுங்கவருகிற காவல் கலங்கள் அழற்சிச் செய்தியை விடுகின்றன, அந்தச் செய்தி சும்மா கிடந்த கலத்தைத் தட்டி எழுப்புகிறது. விதை முன்பே மண்ணில் கிடந்தது, தூசு தண்ணீர் ஊற்றியது.

மாமியின் குசினியில் காஸ் வந்து பத்து வருடம்கூட இராது. அதற்கு முன்பு நாற்பது வருடம் விறகடுப்பு, மழைக்காலத்தில் ஈரப் பொச்சுமட்டையும் சிரட்டையும், ஊதுகுழாயை வாயில் வைத்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு. வீட்டுக்குள் விறகு எரிக்கும் புகையை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 'அநேகமாகப் புற்றுநோயை உண்டாக்கும்' என்ற வகுப்பில் வைத்திருக்கிறது, வெளிக்காற்று மாசை 2013இல் அதைவிட மேலே, 'உறுதியாக' என்ற வகுப்பில். ஆனாலும் மாமிக்கு அடுப்பால்தான் வந்தது என்று யாரும் விரல் நீட்டமுடியாது, அவருக்கு அப்படிச் சொல்லவும் நான் விரும்பவில்லை. "நீங்கள் ஒரு பிழையும் விடவில்லை, கலம் பிரதி எடுக்கும்போது விட்ட பிழை" என்றேன். அது உண்மையும்கூட.

இனி மச்சானின் கேள்வி. பொசிட்டிவ் என்றால், அந்த ஒரு காது கத்துவதை நம்பித்தான் கட்டி வாழ்கிறது என்று அர்த்தம், காதை அடைக்கக் குளிசை இருக்கிறது. நோய் வந்ததில் நல்லது என்று எதுவும் இல்லை, ஆனால் வந்த வகைகளுக்குள் பிடிமானம் உள்ள ஒன்று. ஈ.ஜி.எஃப்.ஆர். விகாரத்துக்கும் மருந்துக்கும் உள்ள சம்பந்தத்தை 2004இல் கண்டார்கள். முதலில் ஜெஃபிட்டினிப், எர்லோட்டினிப், இப்போது ஒசிமெர்ட்டினிப். மாமிக்கு எது, எவ்வளவு என்பதெல்லாம் கிளினிக்கில் டொக்டர் தீர்மானிக்கிற விடயம்.

"அப்ப குளிசை போட்டால் முடிஞ்சுது?" என்றான். இங்கேதான் நிலையின்மை மறுபடி வருகிறது. ஒரு கன சென்ரிமீற்றர் கட்டிக்குள் 100 கோடிவரை கலங்கள் இருக்கலாம், பொத்த ஆளில்லாமல் பிரிந்தவை, ஆகவே ஒன்றைப்போல் ஒன்று இல்லை. எல்லாவற்றிலும் எக்சோன் 19 டிலீசன் இருக்கும், அது அடிமரம். அதற்கு மேலே கிளைக்குக் கிளை வேறு பிழைகள். குளிசை என்பது ஒரு குறித்த கண் அளவுள்ள வலை. பெரும்பாலான மீன் படும். கண்ணைவிடச் சின்னது ஒன்றிரண்டு நழுவும், பிறகு கடலில் மிஞ்சியிருப்பது அதுதான், அதன் குஞ்சுகள்தான். ஜெஃபிட்டினிப் போன்ற மருந்துகளில் ஒரு வருடமளவில் கட்டி மறுபடி வளர ஆரம்பிக்கும். அப்படி வளர்ந்தவற்றில் பாதிக்கு மேல் காதின் 790ஆம் இடத்தில் ஒரு புதிய மாற்றம் தெரிந்தது, அந்த மாற்றம் வந்தால் மருந்தால் காதை அடைக்கமுடியாமல் போய்விடும். அதையும் பிடிக்கத்தான் ஒசிமெர்ட்டினிப் செய்தார்கள். அதற்கும் 797ஆம் இடத்தில் ஒரு தப்பும் வழி இருக்கிறது. மருந்து வேலைசெய்யாமல் போனால் ஆட்கள் மருந்து பழகிப்போச்சு என்பார்கள். உடம்பு பழகவில்லை, மீன் மாறிவிட்டது.

கிளைகளைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு பிரித்தானியாவில் நடக்கிறது, டிரேசர்எக்ஸ் என்று பெயர். ஒரே ஆளின் கட்டியைப் பல இடங்களில் வெட்டி எடுத்துத் தனித்தனியே வாசிக்கிறார்கள். முதல் நூறு நோயாளிகளின் முடிவு 2017இல் வந்தது. எழுத்துப் பிழை எத்தனை என்பதைவிட, நிறமூர்த்தங்கள் இடத்துக்கிடம் எவ்வளவு மாறியிருக்கின்றன என்பதோடுதான் நோய் திரும்பி வருவது கூடுதலாகச் சேர்ந்து போனது.

இவ்வளவு குழப்பத்திலும் கட்டிக்கு ஒரு பலவீனம் உண்டு. பிழை கூடக்கூட, உடம்புக்கு அந்நியமாகத் தெரிகிற புரதங்களும் கூடும், எதிர்ப்புக் கலங்கள் அடையாளம் காண அவை உதவும். அதனால்தான் எதிர்ப்புச்சக்தியைத் தட்டி எழுப்பும் ஊசிமருந்துகள் பிழைகள் குவிந்த புகைப்பவர் கட்டிகளில் பலவேளை நன்றாக வேலைசெய்கின்றன, மாமியைப்போல் பிழை குறைந்த ஈ.ஜி.எஃப்.ஆர். கட்டிகளில் அவ்வளவாக இல்லை. ரிப்போட்டில் பி.டி.எல்.1 என்று ஒரு வீதம் போட்டிருப்பார்கள், அது இந்த மருந்துகளுக்காகப் பார்ப்பது. மச்சான் அதைக் கண்டதும் நோய் எத்தனை வீதம் பரவியிருக்கிறது என்று நினைத்துப் பயந்துபோயிருந்தான். அது அப்படியல்ல.

மச்சாள் கேட்டது வேறு. "எனக்கும் பிள்ளைகளுக்கும் இது வருமோ, இரத்தத்தில ஓடுதோ?" இந்த விகாரங்கள் மாமியின் நுரையீரலில், அந்தக் கட்டியின் கலங்களில், அவர் பிறந்து பல வருடம் கழிந்து வந்தவை. பிள்ளைக்குப் போவது முட்டைக்கலத்திலும் விந்திலும் இருப்பது மட்டும்தான். மிக அரிதாகச் சில குடும்பங்களில் பிறப்பிலேயே வரும் வகைகள் உண்டு, அப்படிச் சந்தேகம் இருந்தால் டொக்டரே கேட்பார். பரம்பரை என்ற சொல்லைத் தமிழில் இரண்டுக்கும் பாவிப்பதால் இந்தப் பயம் எல்லா வீட்டிலும் வருகிறது.

எழும்ப முன்னர் மச்சான் மெதுவாக, "இனி விட்டாலும் என்ன பிரயோசனம், நாற்பத்தைந்து நாற்பத்தைந்தா எத்தனை வருசம் சேர்ந்திட்டுது" என்றான். 2020இல் வந்த ஒரு ஆய்வைச் சொன்னேன். புகைப்பதை நிறுத்தியவர்களின் மூச்சுக்குழாய்க் கலங்களைத் தனித்தனியே வாசித்துப் பார்த்தால், ஒருநாளும் புகைக்காதவரின் கலங்களைப்போல் பிழை குறைந்த கலங்கள் அங்கே இருந்தன. புகைத்துக்கொண்டிருப்பவர்களிடம் இருப்பதைவிட நான்கு மடங்கு. எங்கேயோ பத்திரமாகக் கிடந்த நல்ல கலங்கள் வந்து இடத்தைப் பிடிக்கின்றன என்று நினைக்கிறார்கள். அவன் ஒன்றும் சொல்லவில்லை, பொக்கற்றைத் தடவிவிட்டுக் கையை எடுத்தான்.

ஒரு காரியம் மட்டும் அங்கேயே செய்வித்தேன். ரிப்போட்டின் மேல்மூலையில் பயொப்சித் துண்டின் இலக்கம் இருக்கும், அதைப் போனில் படமெடுத்து வைக்கச் சொன்னேன். அந்தத் துண்டை மெழுகுக் கட்டிக்குள் பதித்து ஆய்வுகூடத்தில் வைத்திருப்பார்கள், பிறகு வேறு பரிசோதனை தேவைப்பட்டால் அந்த இலக்கத்தைச் சொல்லித்தான் கேட்கவேண்டும். கட்டி மாறியிருந்தால் புதிதாக இன்னொரு துண்டோ இரத்தமோ எடுப்பார்கள், ஆனால் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்க இது வேண்டும்.

மாமி வாசலுக்கு வந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப என்ர துண்டு ஒண்டு இன்னும் கொழும்பில கிடக்கு?" என்றார்.

ஓம் மாமி, மெழுகுக்குள்ளே கிடக்கு என்றேன்.